மாந்தோப்புக் காவலில் எம் 83

காவேரிப்பட்டணத்திலிருந்து:
சித்திரை அமாவாசை. காய் திரண்டுவிட்டதால் பெரியப்பா தோப்பிலேயே படுப்பார். அவருக்குத் துணை என்று வீட்டில் சொல்லிவிட்டு 6 அங்குலத் தொலைநோக்கியை வண்டியில் கட்டி எடுத்துப்போனேன்.

எம் 83 நம் பால்வீதி போன்ற இன்னொரு சுருள் விண்மீன் திரள். தேடுவது சுலபம். கையை நீட்டிச் சாண் விரியுங்கள். கட்டைவிரலைச் சித்திரை நட்சத்திரத்தில் வைத்தால், சுண்டுவிரல் தெற்கே முடிகிற இடத்துக்குச் சற்றுக் கிழக்கே இருக்கிறது அது. இரவு 11 மணி வாக்கில் பாதி வானம் ஏறியிருக்கும். (பாரிசில் இது 11 டிகிரிக்கு மேல் ஏறாது. அங்கிருந்தே 1781இல் பார்த்து, வானத்து மங்கல் திட்டுகளின் தன் பட்டியலில் சேர்த்தார் பிரெஞ்சு வானியலாளர் மெசியே. பெயரில் உள்ள 'எம்' அவருடையதுதான். இன்னொரு பிரெஞ்சு வானியலாளர் லக்காய் 1752இலேயே நன்னம்பிக்கை முனையில் கண்டுவிட்டார். அங்கே கிட்டத்தட்ட தலைக்கு மேல்.)

சிக்கப்போகிற நேரம் பெரியப்பா பேட்டரி லைட்டை முகத்தில் அடித்தார். "யார்ரா அது மரத்தடியில?" இருட்டுக்குப் பழகிய கண் போச்சு. இன்னொரு 20 நிமிஷம் சும்மா உட்கார்ந்தேன். அப்புறம் கிடைத்தது: ஒரு சாம்பல் திட்டு, நடுவில் பொட்டு வைத்த மாதிரி. நேராகப் பார்த்தால் சுருங்கியது, ஓரக்கண்ணால் பார்த்தால் விரிந்தது. சுருள் கைகள்? என் கண்ணுக்கு இல்லை.

பெரியப்பாவும் குனிந்து பார்த்தார். "அடுப்புச் சாம்பலை ஊதின மாதிரி இருக்குது." அந்த வெளிச்சம் கிளம்பி ஒன்றரைக் கோடி வருஷம் ஆச்சு என்றேன். கொஞ்சம் யோசித்தார். "அப்ப இந்தத் தோப்பு யார் பட்டாவுல இருந்துச்சு?"

ஓசூரிலிருந்து:
எங்கள் மொட்டை மாடியில் சித்திரை நட்சத்திரமே மங்கல். அஞ்செட்டிப் பக்கம் இருட்டு உண்டு, யானையும் உண்டு. கடைசியில் மாமனார் ஊரில் கேமராவை வைத்து, 30 விநாடிப் படங்களாக 120 எடுத்து அடுக்கினேன். நடுவில் குறுக்கே ஒரு பட்டை, அதன் இரு நுனியிலிருந்தும் கைகள். கைகளில் இளஞ்சிவப்புப் புள்ளிகள். நட்சத்திரங்கள் பிறக்கும் ஹைட்ரஜன் மேகங்கள் அவை.

அரூரிலிருந்து:
நான் எம் 83ஐ அழகுக்காகப் பார்ப்பதில்லை. 1923 முதல் 1983 வரை அதில் 6 சூப்பர்நோவா (நட்சத்திரம் வெடித்துப் புதுப் புள்ளியாக ஒளிர்வது) தென்பட்டிருக்கிறது, அதற்கப்புறம் ஒன்றும் தென்படவில்லை. சித்திரையிலும் வைகாசியிலும் தவறாமல் பார்த்து நோட்டில் வரைந்து வைக்கிறேன். போன வருஷம் ஒரு புள்ளி கூடுதலாகத் தெரிந்தது. கை நடுங்கிவிட்டது. பழைய நோட்டைப் புரட்டினால் அதே இடத்தில் அதே புள்ளி. நம் பால்வீதி நட்சத்திரம்தான். அதற்குள் வீட்டுக்காரியை எழுப்பிச் சொல்லித் தொலைத்திருந்தேன்.