மறு: 'கட்டுப்பாட்டுக் கை' வேண்டாம் – பிக்கப்பின் முன்சில்லுப் பாகங்களுக்குப் பெயர்

வணக்கம் நண்பர்களே,

வாகன வேலை பழகும் மாணவருக்கான தாளுக்குத் தமிழ்ப் பெயர் தேடுகிறோமே, அதில் முன்சில்லைச் செசியோடு (வண்டியின் அடிச்சட்டத்தோடு) இணைக்கும் 'கன்ட்ரோல் ஆம்' என்ற பாகத்துக்குப் போன மடலில் வந்த 'கட்டுப்பாட்டுக் கை' என்ற சொல்லை களுவாஞ்சிகுடியில் எனக்குத் தெரிந்த ஒரு கராஜில் சொல்லிப் பார்த்தேன். வேலை பழகும் பொடியன் உடனே கியர் லீவரைக் காட்டினான். அவனில் பிழை இல்லை. கட்டுப்படுத்தும் கை என்றால் ஆள் பிடித்து இழுக்கிற ஒன்றைத்தானே எவரும் தேடுவார். நாம் பேசும் பாகம் ஒரு முனையில் செசியோடு கீல் போலப் பொருந்தியிருக்கும். மறுமுனையில் போல் ஜொயின்ட், அதாவது எல்லாப் பக்கமும் திரும்பும் குண்டு மூட்டு. சில்லு மேலும் கீழும் போகலாம், முன்னும் பின்னும் அலையக்கூடாது. அதன் வேலை அவ்வளவுதான்.

கராஜில் அதற்கு 'ஆம்' என்று பெயர். அப்பர் ஆம், லோவர் ஆம். பேச்சில் இடைஞ்சல் இல்லை, நாங்கள் 'ஓம்' என்றுதானே தலையாட்டுகிறோம். எழுதப் போனால்தான் கூத்து: "ஆம் கழற்றியாயிற்றா? ஆம்." மாணவருக்கு இப்படி ஒரு தாளை எப்படிக் கொடுப்பது?

ஆங்கிலத்தை அப்படியே பெயர்க்கத் தேவையில்லை என்றும் நினைக்கிறேன். பிரித்தானியர் கோழியின் நெஞ்சுக்கு முன்னால் இரண்டாகப் பிரிந்திருக்கும் எலும்பை வைத்து 'விஷ்போன்' என்று பெயர் சொன்னார்கள். அமெரிக்கர் 'கன்ட்ரோல் ஆம்' என்றார்கள். நிசான் கையேடுகளில் கீழே இருப்பது 'டிரான்ஸ்வேர்ஸ் லிங்க்'. அவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகாத ஒன்று.

என் பரிந்துரை 'கவை'. கிளை இரண்டாகப் பிரியும் வடிவம். இரண்டு கால் செசியில், கூடும் முனை சில்லில். இப்போது அந்தச் சொல் 'கவைக்குதவாத பேச்சு' என்பதில் மட்டும்தான் உயிரோடு இருக்கிறது என்று ஒருவர் எழுதுவார், எழுதட்டும்.

ஆனால் உண்மையில் தலையிடி கொடுப்பது, ஆம் செசியோடு பொருந்தும் முனையில் இருக்கும் 'புஷ்'. நம் பழைய பட்டியலில் அதைச் 'சுழல் மூட்டு' என்று போட்டிருக்கிறோம். அது பிழை, அந்தப் பிழைக்கு நான் காசு கட்டியவன்.

மாமாவின் டட்சன் 720, படுவான்கரையில் நெல் மூட்டை சுமந்த வண்டி. நானும் மச்சானும் முன் ஆம்களைக் கழற்றி, புதுப் புஷ் அடித்துத் திரும்பப் பூட்டினோம். வண்டி ஸ்டாண்டில், சில்லுகள் இரண்டும் தொங்கியபடி. அந்த நிலையிலேயே எல்லா நட்டையும் பலம்கொண்ட மட்டும் இறுக்கினோம். இறக்கியதும் முன்பக்கம் கொஞ்சம் தூக்கி நின்றது. புதுப் புஷ் அல்லவா, படிந்துவிடும் என்றான் மச்சான். வெல்லாவெளிப் பக்கத்துக் கிரவல் றோட்டில் ஆறு மாதம் ஓடியது, இறப்பர் நார் நாராகிவிட்டது.

காரணம் இதுதான். புஷ்ஷின் வெளிக்குழாய் ஆமுக்குள் இறுகியிருக்கும். உட்குழாயைப் போல்ட் நெரித்து அசையாமல் பிடிக்கும். நடுவில் இறப்பர், இரண்டையும் பற்றிக்கொண்டு. சில்லு ஏறி இறங்கும்போது அங்கே எதுவும் சுழல்வதில்லை, இறப்பர்தான் முறுக்குப்படுகிறது. தொங்கும் நிலையில் இறுக்கினால், அந்த நிலைதான் அதற்கு ஓய்வு. வண்டி நிலத்தில் சும்மா நிற்கும்போதே அது முறுக்குண்டு நிற்கும். பள்ளத்தில் விழுந்தால் இன்னும் முறுகும், பிறகு கிழியாமல் என்ன செய்யும்? முன்பக்கம் தூக்கி நின்றதும் அதனால்தான். 'சுழல்' என்று பெயர் வைத்தால், சுழல்வதற்கு எந்த நிலையில் இறுக்கினால் என்ன என்றுதான் தோன்றும். கிறீஸும் பூசுவார்கள், எண்ணெய் பட்டால் இறப்பர் ஊதிப் பழுதாகும்.

ஆகவே அதற்கு 'முறுக்குப் புஷ்'. இப்போது இறப்பருக்குப் பதிலாகக் கிடைக்கும் பொலியுரத்தேன் (ஒரு செயற்கைப் பொருள்) வகை உட்குழாயின் மேல் உண்மையிலேயே வழுக்கிச் சுழலும், அதற்கென்று கொடுக்கும் கிறீஸும் பூச வேண்டும். 'சுழல் புஷ்' என்ற பெயர் அதற்குப் பொருந்தும்.

அன்புடன்,
களுவாஞ்சிகுடியிலிருந்து

———

அண்ணன், வணக்கம்.

முறுக்குப் புஷ் நல்ல சொல், இரு கையாலும் ஏற்கிறேன். கவையை ஏற்க முடியவில்லை. உங்கள் மாமாவின் டட்சனுக்கு அடியில் படுத்துப் பாருங்கள். மேல் ஆம் கவைதான். கீழ் ஆம் ஒற்றைத் துண்டு. முன்னும் பின்னும் அலையாமல் இழுத்துப் பிடிக்க வேறாக ஒரு கம்பி சாய்வாகப் போகிறது. கவை இல்லாததைக் கவை என்று எப்படிச் சொல்லிக் கொடுப்பேன்?

'கை' என்றே வைக்கலாமா என்று எழுதிப் பார்த்தேன். மேல் கை, 'மேற்கை' ஆனது. "மேற்கை முதலில் கழற்றவும்" என்றால் திசைகாட்டியை எடுத்துக்கொண்டு வருவான். கணிதத்தில் கோணத்தின் 'புயம்' என்று சின்ன வகுப்பிலேயே படிக்கிறார்களே, அதை எடுத்தால் என்ன? மேற்புயம், கீழ்ப்புயம்.

இந்தச் சின்ன விசயத்துக்கு இத்தனை மடலா என்று ஒருவர் சலித்துக்கொண்டார். 1936இல் சென்னைக் கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகள் எங்கள் பக்கத்து ஊரான காரைதீவில் பிறந்தவர். காரைதீவுக்கு இவ்வளவு கிட்ட இருந்துகொண்டு சலிக்கக் கூடாது.

கல்முனையிலிருந்து

———

தம்பி,

மழைக்குள் போய்ப் படுத்துப் பார்த்தேன், நீங்கள் சொன்னது சரி. கீழே இருப்பது கவை அல்ல. பொதுப்பெயர் 'சில்லுப்புயம்' என்று இருக்கட்டும். இரண்டாகப் பிரிவது மட்டும் 'கவைப்புயம்'. பழைய செவ்ரோலெட் பிக்கப்புகள் சிலவற்றில் மேலும் கீழும் கவைப்புயமே. டட்சனில் மேலே மட்டும். அந்தச் சாய்வுக் கம்பிக்கு 'இழுகம்பி' போதும்.

போல் ஜொயின்ட்டை மாற்றப் போக வேண்டாம், எல்லாக் கடையிலும் அதே பெயர்தான். அதன் தலையில் வரும் பல்லுப்பல்லான நட்டுக்கு 'கோட்டை நட்' என்று போட்டிருக்கிறேன். மட்டக்களப்புப் புளியந்தீவுக் கோட்டையை நினைத்துத்தான், அங்கே அப்படிப் பல் இருக்கிறதா என்று சண்டைக்கு வராதீர்கள்.

மாணவர் தாளின் பகுதியைத் திருத்திக் கீழே தருகிறேன். சொல் இடறும் இடத்தைச் சொல்லுங்கள்:

"மேற்புயத்தின் தண்டுக்கும் செசிக்கும் நடுவே உள்ள தகடுகளை எடுக்கும்போது, எந்தப் போல்ட்டில் எத்தனை என்று எழுதி வைக்கவும், சில்லின் சாய்வு அந்தத் தகடுகளில்தான் இருக்கிறது. முறுக்குக் கம்பியை (ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுகி வண்டியைத் தாங்கும் நீளக் கம்பி) தளர்த்துமுன் அதன் நிலையைக் கோடிட்டுக்கொள்ளவும். இடக் கம்பியை வலப்பக்கம் பூட்டக் கூடாது. புயங்களைப் பூட்டி, புஷ் போல்ட்டுகளைக் கையிறுக்கமாக மட்டும் விடவும். கோட்டை நட்டைக் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கவும். நட் கழலாமல் குறுக்கே செருகும் ஸ்பிளிட் பின்னுக்கான துளை நேராக வராவிட்டால் இன்னும் சற்று இறுக்கவும், ஒருபோதும் பின்னால் தளர்த்தக் கூடாது. சில்லுகளைப் பூட்டி வண்டியை நிலத்தில் இறக்கி, முன்பக்கத்தை இரண்டு மூன்று முறை அமுக்கி விடவும். உயரம் சரியாக நிற்கிறதா பார்த்து, அதன்பின் முறுக்குப் புஷ் போல்ட்டுகளை இறுக்கவும்."

'கையிறுக்கம்' எனக்கே கொஞ்சம் உறுத்துகிறது. கை வேண்டாம் என்று நீங்கள் துரத்திய பிறகும் உள்ளே நுழைந்துவிட்டது.