பாட்டியின் டின்னில் பழைய காசு: சுங்கை சிப்புட் கடைக்குக் கொண்டுபோகலாமா?

லயத்துப் பேரன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் இருப்பவர்கள் யாராவது பதில் சொன்னால் நல்லது. போன மாதம் தோட்டத்தில் பாட்டி இருந்த வீட்டைக் காலி செய்தோம். சாமி மேடைக்குக் கீழே ஒரு பழைய பிஸ்கட் டின், மூடியில் கிளிப் படம். திறந்தால் பழைய வேட்டித் துணியில் முடிந்து வைத்த காசு. சதுரமான ஒரு காசு (ஒரு சென்ட்) முப்பதுக்கு மேல் இருக்கும், ஜப்பான்காரன் ஆண்ட காலத்து வாழை மரம் போட்ட நோட்டு ஏழு, பொன்னிறத்தில் வந்ததே அந்த ஒரு வெள்ளிக் காசு (ஒரு ரிங்கிட்) ஒரு கைப்பிடி, அப்புறம் வளையம் பற்றவைத்த ஓர் இந்திய ரூபாய்.

பட்டணத்தில் பழைய கடைவீட்டு வரிசையில் சீன அங்கிள் ஒருவர் பொம்மைக் கார், தபால் தலை, பழைய காசு எல்லாம் வைத்திருக்கிறாரே, அவரிடம் கொண்டுபோகலாம் என்று நினைக்கிறேன். சின்ன வயதில் அந்தக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி, உள்ளே போனதில்லை. ஒன்றும் தெரியாதவன் என்று தெரிந்தால் ஏமாற்றிவிடுவாரோ என்று கொஞ்சம் பயம். விற்கத்தான் வேண்டும் என்று இல்லை, என்ன ஏது என்று தெரிந்தால் போதும். அம்மா வேறு, "அழுக்காய் இருக்கிறது, புளி போட்டுத் தேய்த்துக் கொடுக்கிறேன்" என்கிறார். தேய்க்கலாமா?

சதுரக்காசு எழுதியது:

முதலில் அம்மாவின் கையிலிருந்து டின்னை வாங்கி வையுங்கள் தம்பி. புளி, எலுமிச்சை, பல்விளக்கும் பசை, எதுவும் வேண்டாம். செம்புக் காசில் இத்தனை வருஷம் படிந்த பழுப்பு நிறம்தான் சேகரிப்பவன் பார்ப்பது. தேய்த்ததைத் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

நான் அந்தக் கடைக்குப் பல வருஷமாகப் போகிறேன். சனிக்கிழமை காலையில் போகாதீர்கள். அன்றைக்குத்தான் ஹாட் வீல்ஸ் பொம்மைக் கார் புதுப் பெட்டி உடைப்பார், ஈப்போவிலிருந்து வரும் பையன்கள் கதவு திறக்கும் முன்பே மோட்டாரை நிறுத்திவிட்டு நிற்பார்கள், தவுக்கே (கடை முதலாளி) தலை நிமிரவே மாட்டார். வார நாளில் மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு போங்கள். மின்விசிறிக்குக் கீழே சும்மா உட்கார்ந்திருப்பார். "அங்கிள், விற்க வரவில்லை, பார்க்கக் கொண்டுவந்தேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார். தோட்டத்துப் பிள்ளைகளோடு வளர்ந்தவர், மலாயில் ஆரம்பித்துப் பாதியில் தமிழுக்கு வந்துவிடுவார்.

உங்களிடம் இருப்பதைப் பற்றி எனக்குத் தெரிந்தது. சதுரக் காசில் ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ் (அந்தக் கால பிரிட்டிஷ் குடியேற்றத்தின் பெயர்) என்று இருந்தால் ஐந்தாம் ஜார்ஜ் காலம், மலாயா என்று இருந்து ஆறாம் ஜார்ஜ் தலை இருந்தால் 1939இலிருந்து. அதிலும் 1943, 1945 வருஷக் காசு கொஞ்சம் சிறியது, முந்தியதன் பக்கத்தில் வைத்தால் தெரியும். ஜப்பான் நோட்டைப் பற்றி ரொம்ப ஆசைப்பட வேண்டாம். போர் முடிந்த கையோடு செல்லாது என்றார்கள், வீட்டுக்கு வீடு கட்டுக் கட்டாய்த் தங்கிவிட்டது, அதனால் இன்றைக்கும் மலிவு. ஆனால் எம் என்று தொடங்கும் எழுத்து மட்டும் இருக்கிறதா, கூடவே வரிசை எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். எண் இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள். பொன்னிற ஒரு வெள்ளிக் காசு 2005 டிசம்பர் 7ஆம் தேதியோடு செல்லாமல் போனது. கள்ளக் காசு பெருகியதால்தான் நிறுத்தினார்கள், உங்கள் கைப்பிடியிலும் ஒன்றிரண்டு கள்ளக் காசு இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

வளையம் வைத்த ரூபாயைச் சேகரிப்பவர்கள் அவ்வளவாகத் தொட மாட்டார்கள், பற்றவைத்த இடம் கெட்டுப்போனது கெட்டதுதான். உலோகத்தின் எடைக்குத்தான் விலை. ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் என்றால் 11.66 கிராம், அதில் பன்னிரண்டு பங்குக்குப் பதினோரு பங்கு வெள்ளி (உலோகத்தைச் சொல்கிறேன், ரிங்கிட்டை இல்லை). 1940 முதல் 1945 வரை வருஷம் போட்டதில் வெள்ளி பாதிதான்.

புளி போட்ட அக்கா எழுதியது:

என் பெயரைப் பார்த்தாலே கதை தெரியும். அப்பா வைத்துவிட்டுப் போன காசு நாற்பதைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, பளபளவென்று கோயில் மணி மாதிரி ஆக்கி, பெருமையாய்க் கொண்டுபோய்க் கண்ணாடி மேல் கொட்டினேன். தவுக்கே ஒன்றை எடுத்தார், பூதக் கண்ணாடியில் பார்த்தார், "ஐயோ தங்கச்சி" என்று தமிழிலேயே சொன்னார். வேறு எதுவும் சொல்லவில்லை.

இன்னொன்று, வழவழ என்று வாடை அடிக்கும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைக்காதீர்கள். அந்த வகைப் பிளாஸ்டிக் நாளாக நாளாகக் காசு மேல் பச்சையாய்ப் பிசின் மாதிரி இறங்கும். நோட்டை இஸ்திரி போடுகிறவர்களும் இருக்கிறார்கள், அதுவும் கூடாது.

கிராணி வீட்டுப் பிள்ளை எழுதியது:

எல்லாரும் தவுக்கேயைத் தலையில் வைத்து ஆடுகிறீர்கள். வேறு ஊரில் ஒரு கடையில் என்னிடமிருந்து 40 வெள்ளிக்கு வாங்கிய நோட்டை அடுத்த வாரமே 120 வெள்ளி என்று எழுதி மாட்டியிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். அதனால் சொல்கிறேன், முதலில் எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், எண்ணி எழுதிக்கொள்ளுங்கள், ஒரே கடையில் விற்காதீர்கள்.

சதுரக்காசு எழுதியது:

படம் எடுக்கச் சொன்னது சரி அண்ணே. ஆனால் 120 என்று மாட்டினால் 120க்குப் போனதா? எத்தனை மாதம் தூசி பிடித்துத் தொங்கியதோ. இணையத்திலும் இதே கூத்துதான், சாதாரண ஒரு காசுக்கு ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள், அதைப் பார்த்துவிட்டு வந்து கடைக்காரரோடு சண்டை போடுகிறார்கள். கேட்கிற விலையை விடுங்கள், விற்று முடிந்த விலையைப் பாருங்கள். கடைக்காரர் அதில் பாதி, சில சமயம் அதற்கும் கீழேதான் கொடுப்பார், வாடகையும் கரண்டும் அவர்தானே கட்டுகிறார். எனக்கும் முதலில் கடுப்பாகத்தான் இருந்தது.

லயத்துப் பேரன் எழுதியது:

போய்விட்டு வந்தேன்! அக்கா, அண்ணன்மார் எல்லாருக்கும் நன்றி. செவ்வாய்க்கிழமை இரண்டு மணிக்குப் போனேன், கடையில் ஈ காக்கை இல்லை. அம்மாவும் கூட வந்தார், தனியாய் விட்டால் நான் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன் என்று.

அங்கிள் கண்ணாடி மேல் பச்சைத் துணி விரித்து, சதுரக் காசை ஒவ்வொன்றாய் ஓரத்தைப் பிடித்து எடுத்து, ராஜா வாரியாய் அடுக்கினார். நான் நடுவில் விரல் வைத்ததும் "ஓரம், ஓரம்" என்றார். முக்கால்வாசி சாதாரணம், நன்றாய் இருந்த மூன்றுக்கு மட்டும் அட்டை உறை இலவசமாய்க் கொடுத்தார். ஜப்பான் நோட்டு ஏழிலும் எழுத்து மட்டும்தான், எண் இல்லை. ஒரு வெள்ளிக் காசுக் குவியலில் இரண்டைத் தள்ளி வைத்துச் சிரித்தார், ஓரத்து வரி சரியில்லையாம். பாட்டியை யாரோ எப்போதோ ஏமாற்றியிருக்கிறார்கள்.

ரூபாய் 1918. நிறுத்துப் பார்த்துவிட்டு எடைக்கு விலை சொன்னார். அம்மா கையில் எடுத்து வளையத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும்போதுகூடப் பாட்டி அதைக் கறுப்புக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டிருப்பாராம், எனக்கு அது அன்றைக்குத்தான் தெரியும். அது வீட்டுக்குத் திரும்பிவிட்டது.

கடைசியில் ஒரு வேடிக்கை. எல்லாவற்றையும் கட்டும்போது அங்கிள் டின்னைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தக் கிளி டின்னுக்கு, துரு இருந்தாலும் பரவாயில்லை, 80 வெள்ளி தருகிறேன் என்றார். மொத்தக் காசுக்கும் சேர்த்து அவர் சொன்ன விலையைவிட அது அதிகம்.

கிராணி வீட்டுப் பிள்ளை எழுதியது:

80 சொன்னாரா? கொடுத்துவிடாதே தம்பி, நான் 100 தருகிறேன்.

லயத்துப் பேரன் எழுதியது:

தாமதம் அண்ணே. அம்மா அதைக் கழுவி வெயிலில் காய வைத்துவிட்டார். தீபாவளிக்கு முறுக்கு போட வேண்டுமாம்.