புதுப்பிப்பு: தானாகச் சுற்றிய ராட்டினத்தில் பேய் இருந்ததா?

போன வாரம் எழுதியிருந்தேனே, நுவரெலியாவில் ஏப்ரல் சீசனுக்குப் போட்ட கார்னிவலில் ஆளெல்லாம் போன பிறகு ராட்டினம் தானாகச் சுற்றுகிறது, ஏழாம் நம்பர் தொட்டியில் யாரோ முனகுகிறார்கள் என்று? கண்டியிலிருந்து பேயைத் தேடிப் போகும் தம்பிகள் மூன்று பேர் வந்து பார்த்துவிட்டார்கள். நானும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கூடவே நின்றேன், 6,000 அடி உயரத்துக் குளிர் சும்மாவா.

பேய் இருந்தால் காட்டும் என்று அவர்கள் நம்பும் மின்காந்த மீட்டரை ஜெனரேட்டர் பக்கம் கொண்டுபோனதும் அதன் விளக்கெல்லாம் எரிய, ஒரு தம்பி "அண்ணே, இருக்கு!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கரண்ட் ஓடும் ஒயருக்குப் பக்கத்தில் அது எரியத்தானே செய்யும்! ஜெனரேட்டரை நிறுத்தினோம், மீட்டரும் அடங்கியது.

முனகல் மட்டும் நிற்கவில்லை. காவல்கார மாமா டார்ச் அடித்துக் காட்டினார்: தொட்டி தொங்கும் கம்பியில் கிரீஸ் வற்றித் துரு ஏறியிருக்கிறது, காற்று லேசாகத் தள்ளினாலே கீ...ச் என்கிறது. ஒரு பக்கத் தொட்டிகளில் மழைத்தண்ணீர் தேங்கிப் பாரம் கூட, தேய்ந்துபோன பிரேக் பிடிக்காமல் அந்தப் பக்கம் கீழே இறங்கச் சக்கரம் மெல்லச் சுற்றுகிறது, அவ்வளவுதான். எனக்குப் பேயைவிட இதுதான் பயம்.

பிரேக்கை மாற்றும்வரை பிள்ளைகளை ஏற்ற வேண்டாம் என்று முதலாளியிடம் சொன்னோம். சரி என்றார். மாமா மட்டும் ஏழாம் தொட்டியில் கட்டிய எலுமிச்சம்பழத்தை இன்னும் அவிழ்க்கவில்லை.