பழைய கேசட் செட்டில் எம்பி3 பிளேயர்: உங்கள் அனுபவம் என்ன?

தாம்பரத்தான்:

அப்பா 2003இல் வாங்கிய சான்ட்ரோ கார் இன்னும் எங்கள் வீட்டில் ஓடுகிறது. பதினைந்து வருடம் முடிந்ததும் எஃப்சி காட்டி ஆர்சியைப் புதுப்பித்தோம். அதில் இருப்பது கேசட் செட். பிளேயரை வயரில் இணைக்கும் ஆக்ஸ் துளை இல்லை, யூஎஸ்பி இல்லை, புளூடூத்தும் இல்லை. ‘ஒரு ஆண்ட்ராய்டு செட் மாட்டிவிடு, முடிந்தது வேலை’ என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். அப்பாவுக்கு மனசு வரவில்லை. இருட்டில் கையை நீட்டினாலும் எந்தக் குமிழ் எங்கே இருக்கிறதென்று அவர் விரலுக்குத் தெரியும். எனக்கும் அதைக் கழற்ற விருப்பமில்லை.

என்னிடம் ஒரு ஐபாட் கிளாசிக் இருக்கிறது. அப்பா சேர்த்து வைத்த கேசட்டுகளில் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்தபோது ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் ஏற்றி அதற்குள் போட்டேன். ஆக, அதே பாட்டு அதே செட்டில் கேட்க வேண்டும், நடுவில் ஒரு பாலம்தான் தேவை.

முதலில் வாங்கியது எஃப்எம் டிரான்ஸ்மிட்டர். லைட்டர் சாக்கெட்டில் சொருகிவிட்டால் அது காருக்குள்ளேயே ஒரு குட்டி வானொலி நிலையம் மாதிரி. பிளேயரின் பாட்டை அது ஒலிபரப்பும், செட் வாங்கிப் பாடும். ஆனால் காலியான இடம் வேண்டுமே? சென்னையில் 91.1, 92.7, 93.5, 98.3, 101.4, 106.4 என்று வரிசையாக ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். 88ஐ ஒட்டி ஓர் இடம் பிடித்தேன். ஊருக்குள் பரவாயில்லை.

அப்புறம் குடும்பத்தோடு கொடைக்கானல் கிளம்பினோம். விழுப்புரம் தாண்டியதும் இரைச்சல் வந்ததால் 100.5க்கு மாற்றினேன். அங்கே அது காலி, பாட்டும் தெளிவாகக் கேட்டது. மணப்பாறை நெருங்கும்போது பாட்டுக்கு நடுவே யாரோ பேசினார்கள். திண்டுக்கல்லில் பாட்டு போய் பேச்சு மட்டும் நின்றது. அப்போதுதான் உறைத்தது: 100.5 என்பது கொடைக்கானல் வானொலியின் இடம். மலை உச்சியிலிருந்து வருவதால் சமவெளியில் வெகுதூரம் எட்டும். எஃப்எம்மில் இரண்டு நிலையம் ஒரே இடத்தில் மோதினால் இரண்டும் கலந்து கேட்காது. எது பலமோ அது மற்றதை அப்படியே அமுக்கிவிடும்.

காமக்காபட்டி செக்போஸ்ட் தாண்டி மலை ஏறும்போது இதைக் காதாலேயே கேட்டேன். ஒரு வளைவில் பாறை மறைத்தால் எங்கள் பாட்டு. அடுத்த வளைவில் மலை விலகினால் வானொலி அறிவிப்பாளர். கத்தியால் நறுக்கியது போல மாறி மாறி வந்தது. நான் வேறு எண்ணைத் தேடப் போனபோது அம்மா, “அதையே விடுப்பா, நல்லாத்தானே பாடுறாங்க” என்றார். மேலே போகும்வரை கொடைக்கானல் வானொலிதான்.

திரும்பி வந்ததும் ரிச்சி தெருவில் கேசட் அடாப்டர் வாங்கினேன். பார்ப்பதற்கு கேசட் மாதிரியே இருக்கும், ஓரத்தில் ஒரு வயர் தொங்கும். உள்ளே நாடா கிடையாது. செட்டில் நாடாவைப் படிக்கும் காந்த முனைக்கு ஹெட் என்று பெயர். அடாப்டரில் நாடா உரசும் இடத்தில் அதே மாதிரி சின்ன ஹெட் ஒன்று இருக்கிறது. பிளேயரிலிருந்து வரும் மின்சாரத்தை அது காந்தப்புலமாக மாற்ற, செட்டின் ஹெட் அதை நாடாவில் இருக்கும் பாட்டு என்றே நம்பி எடுத்துக்கொள்கிறது. வான்வழி இல்லை, வேறு நிலையத்தோடு சண்டை இல்லை. என் காதுக்கு டிரான்ஸ்மிட்டரைவிட இது பல மடங்கு மேல். தபேலாவின் அடி அடியாகவே கேட்டது.

ஒரே தொல்லை ஆட்டோ ரிவர்ஸ். இரண்டு நிமிடம் பாடும், ‘டக்’ என்று பக்கம் மாறும், சத்தம் போய்விடும், திரும்ப ‘டக்’. அடாப்டரின் நான்கு திருகையும் கழற்றிப் பார்த்தேன். செட் சுற்றுவதற்காக உள்ளே பல்சக்கரங்கள் வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்று இறுகிப் போயிருந்தது. சக்கரம் நின்றால் செட்டுக்கு நாடா முடிந்துவிட்டது என்று அர்த்தம், உடனே பக்கத்தை மாற்றிவிடும். தையல் மெஷின் எண்ணெயைக் குண்டூசி முனையில் தொட்டு அச்சில் ஒரே ஒரு சொட்டு வைத்தேன். செட்டின் ஹெட்டைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன், பஞ்சு காப்பிப்பொடி நிறத்தில் வந்தது. அன்றிலிருந்து ‘டக்’ இல்லை, மங்கலாக இருந்த ஜால்ரா சத்தமும் பளிச்சென்று வந்துவிட்டது.

நீங்கள் என்ன செய்தீர்கள்?

காவிரிக்கரை:

அண்ணா, என் வண்டி வேகன்-ஆர். செட்டில் ஆக்ஸ் இருக்கிறது, அதனால் சுலபமாக முடியும் என்று நினைத்தேன். ஆக்ஸ் வயரில் பிளேயர், லைட்டர் சாக்கெட்டில் சார்ஜர். இன்ஜினைப் போட்டதும் பாட்டுக்குப் பின்னால் ‘ஙொய்’ என்று ஒரு சத்தம். ஆக்சிலேட்டரை அழுத்தினால் அந்தச் சத்தமும் மேலே ஏறும், காலை எடுத்தால் இறங்கும்.

கார் ஆடியோ கடை ஒன்றில் ஸ்பீக்கர் போய்விட்டது என்றார்கள். முன் ஸ்பீக்கர் இரண்டையும் மாற்றினேன். சத்தம் அப்படியே இருந்தது. பிறகு வயரிங் என்றார்கள், அதற்கும் காசு போனது. கடைசியில் பஸ் ஓட்டும் என் மாமா ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சும்மா சார்ஜரைப் பிடுங்கினார். சத்தம் நின்றது. திரும்பச் சொருகினார், வந்தது. “ரெண்டு எர்த்து ஒண்ணுக்கொண்ணு சுத்துதுடா” என்றார்.

அவர் சொன்னதுதான் சரி. பிளேயருக்குச் சார்ஜர் வழியாக ஓர் எர்த், ஆக்ஸ் வயர் வழியாக இன்னோர் எர்த். இரண்டும் காரின் உடம்பில் வேறு வேறு இடத்தில் சேர்வதால் ஒரு வளையம் உண்டாகி, இன்ஜின் சுற்றும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரின் இரைச்சல் அதில் புகுந்துவிடுகிறது. இன்ஜின் வேகத்தோடு சத்தமும் ஏறுவது அதனால்தான். இப்போது பவர் பேங்கில் சார்ஜ் போடுகிறேன், காரோடு ஆக்ஸ் வயர் வழியாக ஓர் எர்த் மட்டும்தான், வளையம் இல்லை. ஆக்ஸ் வயருக்கு நடுவில் போடுவதற்கு இந்த எர்த் வளையத்தை அறுக்கும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று சின்ன டப்பா ஒன்றும் கிடைக்கிறது. உள்ளே இடது வலதுக்கு ஒன்றாக இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர். நண்பன் காரில் போட்டுப் பார்த்தோம், வேலை செய்கிறது.

இந்தச் சத்தம் வந்தால் எந்தக் கடைக்கும் போவதற்கு முன் தயவுசெய்து சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். ஸ்பீக்கர் காசு எனக்கு இன்னும் வலிக்கிறது.

ஸ்கார்பரோவில் இருந்து:

நாங்கள் கனடாவுக்கு வந்த புதிதில் வாங்கிய பழைய வாகனத்திலும் கேசட்தான். நான் டிரான்ஸ்மிட்டர்தான் பாவித்தேன். டொராண்டோவில் எஃப்எம் முழுக்க நிலையங்கள், இடமே கிடையாது. 101.3இல் தமிழ் நிகழ்ச்சி போகும், அதை அம்மா விடமாட்டா. மற்ற எண்களுக்குள்தான் நான் ஒதுங்க வேண்டும்.

ஒருநாள் சரியான குளிர், வேலை முடிந்து மார்க்கம் ரோட்டில் சிவப்பு விளக்குக்கு நின்றேன். என் பிளேயர் சார்ஜ் இறங்கி நின்றுவிட்டது, டிரான்ஸ்மிட்டரும் தானாக அணைந்துவிட்டது, செட் மட்டும் அதே எண்ணில் இருந்தது. திடீரென்று அதில் நாதஸ்வரம். நல்லூர்த் திருவிழாவில் நிற்கிற மாதிரி இருந்தது. பக்கத்து வாகனத்தில் ஒரு வயதான ஐயா, டாஷ்போர்டில் சின்னப் பிள்ளையார், லைட்டர் சாக்கெட்டில் என்னுடையதைப் போலவே ஒரு டிரான்ஸ்மிட்டர். அவரும் அதே எண்ணைத்தான் பிடித்திருக்கிறார். அந்தச் சாமான் சில மீட்டர்தான் எட்டும், அதனால் விளக்குப் பச்சையாகி அவர் முன்னுக்குப் போகப் போக நாதஸ்வரமும் தேய்ந்து போய்விட்டது.

இன்றைக்கு எல்லாம் புளூடூத். அடுத்த வாகனத்தின் பாட்டு எங்களுக்கு வர வழியில்லை.

வைகை:

எனக்குப் புது கார், யூஎஸ்பி இருக்கிறது. ஆனால் பிளேயரை மாட்டினால் சார்ஜ் மட்டும் ஏறியது, பாட்டு வரவில்லை. பிளேயரின் அமைப்புகளில் யூஎஸ்பி முறை எம்டிபி என்று இருந்தது, எம்எஸ்சி என்று மாற்றியதும் செட் அதைப் பென்டிரைவாக நினைத்துப் படித்துவிட்டது. பென்டிரைவ் போடுகிறவர்கள் ஃபேட்32 ஆக ஃபார்மட் செய்யுங்கள், நிறைய கார் செட்டுகளுக்கு மற்றது தெரியாது. தமிழில் பாட்டுப் பெயர் எழுதியிருந்தால் கட்டம் கட்டமாக வருகிறது, அதற்கு எனக்கு வழி கிடைக்கவில்லை. ஆங்கில எழுத்தில் மாற்றி வைத்திருக்கிறேன், மனசில்லாமல்தான்.

இன்னொன்று: பிளேயரை வெயிலில் காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். மே மாதம் மதுரையில் மதியம் முழுக்க டாஷ்போர்டில் கிடந்த என் பழைய பிளேயருக்கு பேட்டரி உப்பி, பின்மூடி தூக்கிக்கொண்டது.

தாம்பரத்தான்:

கனடா அண்ணன் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். நாதஸ்வரம் வந்த இடத்தை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

வால்யூம் பற்றி ஒரு விஷயம் விட்டுப்போனது. பிளேயரை முழுதாக ஏற்றினால் அடாப்டரில் கரகரவென்று உடைகிறது. முக்கால் அளவில் வைத்துவிட்டு மீதியைச் செட்டின் குமிழில் ஏற்றுங்கள். பிளேயரில் ஈக்வலைசர் இருந்தால் அணைத்துவிடுங்கள், பாஸும் ட்ரெபிளும் செட்டிலேயே போதும்.

இப்போது எனக்கு ஓர் உதவி வேண்டும். அடாப்டர் வயர் செட்டின் வாயில் மடங்கி மடங்கி உறை கிழிந்துவிட்டது, இடது பக்கம் விட்டு விட்டுக் கேட்கிறது. உள்ளே இடது, வலது, எர்த் என்று மூன்று இழைதான் போகிறது, ஆனால் தலைமுடி மாதிரி மெல்லிசு. சால்டர் வைத்துப் புது வயர் மாற்றியவர்கள் யாராவது இருந்தால் எந்த வயர் வாங்கினீர்கள் என்று சொல்லுங்கள்.