அப்டேட்டுக்குப் பிறகு கரண்ட் போய் வந்தால் இணையம் வருவதில்லை. என் போனில் மட்டும் வருகிறது

மின்மினி

வணக்கம். எங்கள் வீட்டு ரவுட்டர் இரவோடு இரவாகத் தானே ஃபர்ம்வேரை, அதாவது தன் உள்மென்பொருளை, புதுப்பித்துக்கொண்டது. முதலில் ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் ஒழுங்காக ஓடியது. பிறகு ஒருமுறை கரண்ட் போய் வந்தது. தலைவலி அப்போது ஆரம்பித்தது.

வைஃபை சிக்னல் முழுதாக இருக்கிறது. ஆனால் லேப்டாப்பில் ‘இணைக்கப்பட்டது, இணையம் இல்லை’ என்று வருகிறது. டிவியும் அப்படியே. அம்மாவின் போனிலும் வரவில்லை. ஃபைபர் பெட்டியில் எரிய வேண்டிய பச்சை விளக்குகள் எல்லாம் எரிகின்றன, சிவப்பு எதுவும் இல்லை. ஆனால் என் போனில் மட்டும், அதே வைஃபையில், எல்லாத் தளமும் திறக்கிறது! மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுத்தான் பார்த்தேன்.

ரவுட்டரை அணைத்துப் போட்டால் மாற்றமில்லை. ஊசித்துளையை அழுத்தி ஃபேக்டரி ரீசெட் செய்து, எல்லாவற்றையும் மறுபடி அமைத்தால் சரியாகிறது. அடுத்த கரண்ட் கட் வந்ததும் பழைய குருடி கதவைத் திறடி. வைஃபை பெயர், கடவுச்சொல், இணைய நிறுவனத்தோடு இணைவதற்கான பிபிபிஓஇ பயனர் பெயர் என்று திரும்பத் திரும்ப அடித்துக் கை ஓய்ந்துவிட்டது. இணைய நிறுவனத்தில் கேட்டால் லைன் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். ரவுட்டரே கெட்டுவிட்டதா? புதிது வாங்க வேண்டியதுதானா?

பழைய மோடம்

சும்மா அணைச்சுப் போட்டா போதாதுங்க. 30-30-30 பண்ணுங்க. ரீசெட் பட்டனை அழுத்தியபடியே 30 விநாடி, கையை எடுக்காம பிளக்கைப் பிடுங்கி 30 விநாடி, திரும்பச் செருகி 30 விநாடி. அப்பதான் உள்ளே இருக்கிற குப்பை முழுசாப் போகும். அப்புறம், அப்டேட்டுக்கு முன்னாடி எடுத்து வச்ச செட்டிங்ஸ் பேக்கப் இருந்தா அதை ஏத்திடாதீங்க. பாதிப் பிரச்சினை அதுலதான் வரும்.

சாய்வுநாற்காலி

30-30-30 ஒரு காலத்தில் சில மாடல்களுக்கு உதவியது. இன்றைய ரவுட்டர்கள் பலவற்றில் ரீசெட் பட்டனை அழுத்திக்கொண்டே மின்சாரம் கொடுத்தால் மீட்பு முறைக்குள் போய் விளக்கை மினுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடும். இருக்கிற தொல்லையோடு புதிதாக ஒரு பயம் சேரும், அவ்வளவுதான். பேக்கப் பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். பெரிய பதிப்பு மாறினால் கையால் அமைப்பதே நல்லது.

மின்மினி, ரீசெட் செய்தால் சரியாகிறது என்பதைவிட, உங்கள் போனில் மட்டும் வருகிறது என்பதுதான் எனக்குத் துப்பாகப் படுகிறது. ரீசெட் செய்யாமல், கோளாறு இருக்கும்போதே சிலவற்றைப் பார்த்துச் சொல்லுங்கள். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் வான் ஐபி (இணைய நிறுவனம் ரவுட்டருக்குத் தந்த முகவரி) என்ன காட்டுகிறது? லேப்டாப்பின் கமாண்ட் திரையில் பிங் 8.8.8.8 கொடுத்தால் பதில் வருகிறதா? அந்த எண் கூகுளின் டிஎன்எஸ், அதாவது தளத்தின் பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தரும் சர்வர். பெயருக்கு உரிய எண்ணை டிஎன்எஸ்ஸிடம் கேட்கும் என்எஸ்லுக்அப் கட்டளையோடு ஏதாவது ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்தால் என்ன சொல்கிறது? அதே கட்டளையின் கடைசியில் 8.8.8.8 சேர்த்துக் கொடுத்தால்? உங்கள் போனில் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ என்ற இடத்தில் எதையாவது போட்டு வைத்திருக்கிறீர்களா? ரவுட்டர் நடந்ததைக் குறித்துவைக்கும் சிஸ்டம் லாகில் முதல் சில வரிகளும் வேண்டும். மேக் முகவரி, பயனர் பெயர் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போடுங்கள்.

முனையம்22

பிபிபிஓஇ என்கிறீர்களே, எம்டியு, அதாவது ஒரே தடவையில் போகக்கூடிய தரவுப் பொட்டலத்தின் உச்ச அளவை, பார்த்தீர்களா? அப்டேட் சில சமயம் அதை 1500-க்குத் தள்ளிவிடும். பிபிபிஓஇ 8 பைட் எடுத்துக்கொள்வதால் 1492 இருக்க வேண்டும். விண்டோஸில் பிங் கட்டளையோடு துண்டாக்காதே என்ற தெரிவையும் 1464 என்ற அளவையும் கொடுத்துப் பாருங்கள். 28 பைட் தலைப்பு சேர்ந்தால் சரியாக 1492 வரும். அது போய், 1465 போகாமல் நின்றால் எம்டியு சரி.

மின்மினி

நல்லவேளை, இன்னும் ரீசெட் செய்யவில்லை. பார்த்தவற்றை எழுதுகிறேன்.

வான் ஐபி 100.72 என்று தொடங்குகிறது. பிங் 8.8.8.8 உடனே பதில் தருகிறது, ஒன்றுகூடத் தவறவில்லை. என்எஸ்லுக்அப் தளத்தின் பெயரோடு மட்டும் கொடுத்தால் ‘சர்வர் ஃபெயில்டு’. கடைசியில் 8.8.8.8 சேர்த்தால் முகவரி வந்துவிடுகிறது. என் போனில் பிரைவேட் டிஎன்எஸ் போட்டிருக்கிறேன், விளம்பரத் தொல்லைக்காக எப்போதோ வைத்தது. அம்மாவின் போனில் இல்லை. எம்டியு 1492-தான், 1464 போகிறது, 1465 போகவில்லை.

லாகில் இருப்பதைத் தமிழில் தருகிறேன்:

1970 ஜனவரி 1, 00:00:41 – வான் இணைப்பு கிடைத்தது
1970 ஜனவரி 1, 00:00:44 – என்டிபி: சர்வர் பெயருக்கு முகவரி கிடைக்கவில்லை
1970 ஜனவரி 1, 00:00:44 – டிஎன்எஸ்: டிஎல்எஸ் இணைப்பு தோல்வி, சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை

கடைசி இரண்டு வரியும் மாறி மாறிப் பக்கம் பக்கமாக வருகின்றன. 1970 என்பது வெறும் காட்சிப் பிழை என்று நினைத்து இதுவரை விட்டுவிட்டேன்.

பழைய மோடம்

100-ல தொடங்குதே, அது பொது ஐபி இல்லையே. அதுதான் காரணமோ?

முனையம்22

இல்லை. 100.64 முதல் 100.127 வரை உள்ள முகவரிகள் இணைய நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது ஐபிக்குப் பின்னால் வைப்பதற்காகவே ஒதுக்கப்பட்டவை. வெளியிலிருந்து வீட்டுக் கேமராவைப் பார்க்க முயன்றால் அது இடிக்கும். தளம் திறப்பதற்கு இடைஞ்சல் இல்லை. எம்டியுவும் இல்லை என்று ஆகிவிட்டது. அது தவறாக இருந்தால் சில தளம் வரும், சில தளம் பாதியில் தொங்கும். இப்படி ஒட்டுமொத்தமாகப் பெயரே கிடைக்காமல் போகாது.

சாய்வுநாற்காலி

மின்மினி, அந்த 1970-தான் ஆள். ரவுட்டர் கெடவில்லை, புதிது வாங்க வேண்டாம்.

ஒன்று கேட்கிறேன்: ரீசெட்டுக்குப் பிறகு அமைக்கும்போது, அல்லது அப்டேட் ஆனபின் செயலியைத் திறந்தபோது, ‘பாதுகாப்பான டிஎன்எஸ்’, ‘மறையாக்கப்பட்ட டிஎன்எஸ்’ என்று ஏதாவது கேட்டு, நீங்கள் ஆம் சொன்னீர்களா? சொல்லியிருப்பீர்கள் என்றே நினைக்கிறேன். நல்ல வசதிதான் அது. சாதாரண டிஎன்எஸ் கேள்விகள் 53-ஆம் போர்ட் என்ற வாசலில் திறந்த கடிதாசியாகப் போகும். இது அதையே டிஎல்எஸ் என்ற மறையாக்க உறைக்குள் வைத்து 853-ஆம் போர்ட்டில் அனுப்புகிறது. 2016-லேயே வந்துவிட்ட முறை. வீட்டு ரவுட்டர்களுக்கு மெதுவாக வந்து சேர்ந்துகொண்டிருக்கிறது.

சிக்கல் எங்கே என்றால், பெரும்பாலான வீட்டு ரவுட்டர்களுக்குள் பேட்டரியோடு கூடிய கடிகாரம் கிடையாது. மின்சாரம் போனால் நேரம் மறந்துபோகும். திரும்ப எழும்போது யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் நேரக் கணக்குத் தொடக்கமான 1970 ஜனவரி 1-லிருந்து எண்ண ஆரம்பிக்கும். பிறகு என்டிபி வழியாக ஒரு நேர சர்வரைக் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும். இதுவரை இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது, நமக்குத் தெரியவே தெரியாது.

இப்போது என்ன ஆகிறது? நேர சர்வர் பெயராக எழுதப்பட்டிருக்கிறது, ஆகவே டிஎன்எஸ் வேண்டும். டிஎன்எஸ் சர்வரோடு பேச, அது போலி இல்லை என்று காட்டும் சான்றிதழைச் சரிபார்க்க வேண்டும். ஒவ்வொரு சான்றிதழிலும் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை செல்லும் என்று இருக்கும். ரவுட்டரின் கணக்கில் இது 1970. இந்தச் சான்றிதழ் பிறக்கவே இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் இருக்கிறது! நிராகரித்துவிடும். டிஎன்எஸ் இல்லை, ஆகவே நேரம் இல்லை. நேரம் இல்லை, ஆகவே டிஎன்எஸ் இல்லை. கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்ற கதை.

ரீசெட் செய்தால் ஏன் சரியாகிறது? ரீசெட் ஆனவுடன் சாதாரண டிஎன்எஸ்தான் ஓடும். அந்த இடைவெளியில் நேரம் சரியாகிவிடும். அதற்குப் பிறகு நீங்கள் பாதுகாப்பான டிஎன்எஸ்ஸை இயக்கினாலும் சான்றிதழ் தேறிவிடும், அடுத்த கரண்ட் கட் வரை. உங்கள் போன் ஏன் தப்பித்தது? அதற்குத் தனியாக டிஎன்எஸ் இருக்கிறது, சொந்தக் கடிகாரமும் சரியாக இருக்கிறது. ரவுட்டரிடம் பெயர் கேட்கவே இல்லை.

செய்ய வேண்டியது: பாதுகாப்பான டிஎன்எஸ்ஸை அணையுங்கள், ஒரு நிமிடம் பொறுங்கள். ரவுட்டர் பக்கத்தில் தேதி இன்றைக்கு வந்துவிட்டால் நான் சொன்னது உறுதி. பிறகு நேர அமைப்புக்குப் போய், என்டிபி சர்வர் என்ற கட்டத்தில் பெயரை எடுத்துவிட்டு ஐபி எண்ணைப் போடுங்கள். கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் நேர சர்வருக்கு 162.159.200.1, 162.159.200.123 என்று இரண்டு உண்டு. எண்ணாக இருந்தால் டிஎன்எஸ்ஸைக் கேட்க வேண்டியதில்லை. அதன்பின் பாதுகாப்பான டிஎன்எஸ்ஸை மறுபடி இயக்கலாம்.

எண் ஏற்காத ரவுட்டராக இருந்தால், பாதுகாப்பான டிஎன்எஸ் பக்கத்தில் ‘கண்டிப்பு’, ‘இயன்றவரை’ போல இரண்டு முறை இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவதில் சான்றிதழ் தேறாவிட்டாலும் வேலையை நிறுத்தாது. பாதுகாப்பு சற்றுக் குறையும்.

முனையம்22

அட, இதே கூத்து ரேஸ்பெரி பை என்ற சின்னக் கணினியிலும் உண்டு. 4-ஆம் மாடல் வரை அதில் கடிகாரமே கிடையாது. 5-இல் உண்டு, ஆனால் பேட்டரி தனியாகச் செருகணும். ஓப்பன்டபிள்யுஆர்டி என்ற திறமூல ஃபர்ம்வேர் போட்ட ரவுட்டரில் ஒரு சின்னத் தந்திரம் வைத்திருப்பார்கள். எழும்போது அமைப்புக் கோப்புகளில் கடைசியாகத் திருத்தியது எந்தத் தேதியோ, அதிலிருந்து கடிகாரத்தை ஓட்டும். துல்லியம் இல்லை, ஆனால் 1970-க்குப் போகாது. பல சமயம் சான்றிதழ் தேற அதுவே போதும். இந்த ரவுட்டரைச் செய்தவர்கள் அதையாவது செய்திருக்கலாம்.

பழைய மோடம்

இவ்வளவு எதுக்கு? அந்தப் பாதுகாப்பான டிஎன்எஸ்ஸை நிரந்தரமா அணைச்சிட்டுப் போங்க. தானியங்கி அப்டேட்டையும் அணைச்சிடுங்க. பழைய ஃபர்ம்வேரைத் திரும்ப ஏத்தினா இன்னும் நல்லது. ஓடுற வண்டியை ஏன் நோண்டணும்?

சாய்வுநாற்காலி

முதலாவதில் சண்டைக்கு வரமாட்டேன். பாதுகாப்பான டிஎன்எஸ் இருந்தாலும் நீங்கள் எந்த ஐபிக்குப் போகிறீர்கள் என்பது இணைய நிறுவனத்துக்குத் தெரியத்தான் செய்யும். கேட்கும் பெயர் மட்டும் மறையும். வேண்டாம் என்பவர் அணைத்துக்கொள்ளலாம்.

அப்டேட்டை அணைப்பதற்கு மட்டும் தலையாட்ட முடியாது. 2018-இல் விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல் குறைந்தது 5 லட்சம் ரவுட்டர்களிலும் சேமிப்புச் சாதனங்களிலும் புகுந்திருந்தது தெரியவந்தது. புதுப்பிக்காமல் கிடக்கும் பெட்டிகள் அந்த மாதிரி ஆட்களுக்குத் திறந்த வீடு. பழைய பதிப்புக்குத் திரும்புவதும் அப்படித்தான். அடைத்த ஓட்டையை நாமே திறந்துவிடுவது. சில ரவுட்டர்கள் திரும்ப விடவும் விடாது. அப்டேட் இரவு 3 மணிக்கு நடக்கட்டும். மறுநாள் மாற்றப் பட்டியலை ஒருமுறை படித்துவிடுங்கள், போதும்.

மின்மினி

வந்துவிட்டது! செயலி அந்தக் கேள்வியைக் கேட்டது உண்மை, ஒவ்வொரு ரீசெட்டுக்குப் பிறகும் கேட்கிறது, ஆம் என்பது ஏற்கெனவே குறியிட்டபடி வருகிறது. அணைத்ததும் தேதி சரியானது, எல்லாச் சாதனமும் வந்தன. என்டிபியில் எண்ணை ஏற்றுக்கொண்டது. பாதுகாப்பான டிஎன்எஸ்ஸை மறுபடி இயக்கி, ரவுட்டர் பக்கத்திலிருந்தே ரீஸ்டார்ட் கொடுத்தேன், உடனே வந்தது.

ஆனால் ஃபைபர் பெட்டி, ரவுட்டர் இரண்டின் பிளக்கையும் பிடுங்கிப் போட்டால் உடனே வரவில்லை. சில நிமிடம் கழித்துத் தானாக வருகிறது. இது ஏன்?

இன்னொன்றும் விளங்கியது. தம்பியின் டேப்லெட்டுக்கு இரவு 10 மணிக்கு மேல் இணையம் நிற்கும்படி வைத்திருந்தேன். கரண்ட் கட் ஆன நாட்களில் அது ஏடாகூடமாக, பட்டப்பகலில் நின்றது. லாகில் இப்போது பார்த்தால், அப்போது ரவுட்டருக்கு 1970-இன் இரவு.

சாய்வுநாற்காலி

ஃபைபர் பெட்டி எழுந்து லைனைப் பிடிப்பதற்குள் ரவுட்டர் எழுந்துவிடுகிறது. என்டிபி முதல் முயற்சி வெறுங்கையோடு திரும்பி, அடுத்த முயற்சிக்குக் காத்திருக்கிறது. நேரப் பக்கத்தில் மறுமுயற்சி இடைவெளி என்று இருந்தால் குறையுங்கள். இல்லாவிட்டால் சகித்துக்கொள்ளலாம், இதற்காக ரீசெட் வேண்டாம். இரண்டாவது எண்ணையும் மாற்று சர்வராகப் போட்டுவையுங்கள். ஐபி எண் என்றைக்காவது மாறலாம், ஆகவே எதை எங்கே போட்டீர்கள் என்று ரவுட்டரின் அடியில் ஒட்டி வைத்துவிடுங்கள். தயாரிப்பாளருக்கு அந்த மூன்று லாக் வரிகளை அனுப்புங்கள். ‘இணையம் வரவில்லை’ என்று மட்டும் எழுதினால் ரீசெட் செய்யச் சொல்வார்கள்.

காகிதச்சிக்கல்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கும் அப்டேட்டுக்குப் பிறகுதான், ஆனால் போன், லேப்டாப் எல்லாம் ஓடுகின்றன. பழைய பிரிண்டர் மட்டும் வைஃபையில் சேர மாட்டேன் என்கிறது. ரவுட்டரின் தேதி சரியாகத்தான் இருக்கிறது.

முனையம்22

உங்களுடையது வேறு வியாதி. வைஃபை பாதுகாப்பு டபிள்யுபிஏ3 என்ற புதிய முறைக்கு மாறியிருக்கிறதா பாருங்கள். அதில் மேலாண்மைச் சட்டகப் பாதுகாப்பு (இணைப்பை நடத்தும் செய்திகளைப் போலி செய்யவிடாத காப்பு) கட்டாயம். பிஎம்எஃப் என்று சுருக்கமாகப் போட்டிருக்கும். பழைய பிரிண்டர்களுக்கு அது தெரியாது. டபிள்யுபிஏ2 / டபிள்யுபிஏ3 கலவையாக வைத்து, பிஎம்எஃப்பைக் கட்டாயம் என்பதிலிருந்து விருப்பம் என்பதற்கு மாற்றுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸில் டபிள்யுபிஏ2 மட்டும் உள்ள தனி வைஃபை பெயர் ஒன்றைத் திறந்து பிரிண்டரை அதில் விடுங்கள். கெஸ்ட் வைஃபையாக வைத்தால், உள் நெட்வொர்க்கைத் தொட விடாத அமைப்பை அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் பிரிண்டர் சேரும், அச்சடிக்க முடியாது.

காகிதச்சிக்கல்

கலவையில் பிஎம்எஃப் விருப்பம் என்று மாற்றியதும் சேர்ந்துவிட்டது. தனிப் பெயர் தேவைப்படவில்லை. நன்றி.