சிங்கத்தோல் போர்த்த தலை: அலெக்சாந்தரா, தெய்வமா?

செல்லூர்க்காரன்:
தாத்தாவின் தகரப்பெட்டியைத் துடைக்கும்போது வெள்ளி நிறத்தில் ஒரு நாணயம் கிடைத்தது. ஐந்து ரூபாய்க் காசைவிடச் சற்றுப் பெரியது. ஒரு பக்கம் சிங்கத்தின் திறந்த வாய்க்குள்ளிருந்து முகம் காட்டும் இளைஞன். அச்சிங்கத்தின் முன்கால்கள் அவன் கழுத்தில் முடிச்சிடப்பட்டுள்ளன. மறுபக்கம் வலக்கையில் பறவையும் இடக்கையில் கோலும் கொண்டு ஒருவர் அமர்ந்திருக்கிறார். பார்த்தவர்கள் எல்லாரும் அலெக்சாந்தர் என்கிறார்கள். சரிதானா? இது அசல்தானா?

பழங்காசு:
பெயர் அலெக்சாந்தருடையது, முகம் கிரேக்கப் புராண வீரன் ஹெரக்ளீஸுடையது. நெமியா சிங்கத்தைக் கொன்று அதன் தோலைப் போர்த்திக்கொண்டவன் அவன். அலெக்சாந்தரின் மாசிடோனிய அரசகுலம் தன்னை அவன் வழிவந்ததாகவே சொல்லிக்கொண்டது. அமர்ந்திருப்பவர் கிரேக்கத் தெய்வங்களின் தலைவர் ஸீயஸ், பறவை கழுகு. நம் கோயில் தூணில் வேலைக் கண்டதும் முருகன் என்று சொல்லிவிடுகிறோமே, அதுபோலக் கிரேக்கக் காசிலும் முகத்தைவிடக் கையிலுள்ள பொருளே தெய்வத்தைக் காட்டிக்கொடுக்கும். ஏதென்ஸ் காசில் ஆந்தை இருந்தால், மறுபக்கத்துத் தலைக்கவசப் பெண் அதீனா. அலெக்சாந்தரையே தெய்வமாகக் காட்டியவை அவர் இறந்தபின் அவருடைய தளபதி லிசிமாகஸ் வெளியிட்ட காசுகள். அவற்றில் அம்மோன் தெய்வத்தின் ஆட்டுக்கொம்பு அவர் காதோரம் சுருண்டிருக்கும். உங்கள் காசில் கொம்பு இல்லை.

அழகர்கோவில் சாலை:
கேள்விக்குச் சற்று விலகியதுதான், ஆனாலும் மதுரைக்காரர்கள் அறிய வேண்டியது. 1970இல் ஆப்கானிஸ்தானின் ஐ கானூமில், பாக்திரியக் கிரேக்க மன்னன் அகதோக்ளீஸ் வெளியிட்ட 6 வெள்ளிக் காசுகள் கிடைத்தன. கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அவற்றின் ஒரு பக்கம் கிரேக்க எழுத்துகளோடு கலப்பையும் உலக்கையும் ஏந்திய பலராமரும், மறுபக்கம் பிராமி எழுத்துகளோடு சக்கரம் ஏந்திய வாசுதேவரும் உள்ளனர். அந்த அண்ணன் தம்பி இருவரையும் நம் திருமாலிருஞ்சோலையில், அதாவது அழகர்கோவிலில், சேர்த்தே பாடுகிறது பரிபாடல். பலராமரைத் தமிழ்ப் புலவர்களும் நாஞ்சிலை, அதாவது கலப்பையை, வைத்தே அடையாளம் சொன்னார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

பழங்காசு:
அசலா என்பதற்கு முதலில் எடை பாருங்கள். இவ்வகை நான்கு திராக்மா (திராக்மா என்பது கிரேக்க நாணய அலகு) காசு ஏறத்தாழ 17 கிராம் இருக்க வேண்டும். அசல் காசு இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்துச் சம்மட்டியால் அடிக்கப்பட்டது. ஆகவே விளிம்பைச் சுற்றி வார்ப்புக் கோடு தென்பட்டால் அது அச்சடித்ததன்று, வார்த்தது. புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்.

செல்லூர்க்காரன்:
தெற்காவணி மூல வீதியில் ஒரு பட்டறையில் நிறுத்துப் பார்த்தேன்: 9 கிராம் 600 மில்லி. ஆசாரி நகத்தால் விளிம்பைத் தடவி, கோட்டை என் விரலுக்கே காட்டிவிட்டார். பிறகு ஸீயஸைப் பார்த்து, “கையில் கிளியா?” என்றார். கழுகு என்றேன். “கழுகென்றால் அதுதானே சாமியைச் சுமக்க வேண்டும், சாமி ஏன் அதைச் சுமக்கிறார்?” என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.