புதுப்பிப்பு: நொய்யல் கட்டுரையும் என் மாணவர்களும்

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன்: திருப்பூர்ப் பக்கத்து மாணவர்கள் ஆறு பேரைத் தமிழ் விக்கிப்பீடியாவில் நொய்யல் ஆற்று மாசு பற்றி எழுதவிட்டேன், இரண்டே நாளில் அத்தனையும் போய், ஒருவனுக்கு எச்சரிக்கையும் வந்தது. தப்பு என்னுடையதுதான். நீச்சல் தெரியாத பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளிவிட்டேன்.

இப்போது முதலில் மணல்தொட்டி (எழுதிப் பழகும் பக்கம்), அப்புறம் கட்டுரையைப் பற்றிப் பேசும் உரையாடல் பக்கம், கட்டுரை கடைசியில்தான். திருத்தங்களைப் பட்டியலிடும் 'வரலாறு' பக்கத்தில் யார் எதற்காக அழித்தார் என்று படித்ததுமே பாதிக் கோபம் இறங்கிவிட்டது.

"சாயப்பட்டறைகள் உழவர் வயிற்றில் அடித்தன" என்று எழுதியிருந்தாள் ஒருத்தி. கேட்டால், "எங்க அப்பாரு தோட்டத்துக் கிணத்துத் தண்ணியே சாட்சிங்க சார்" என்கிறாள். உண்மைதான், ஆனால் கிணற்றை மேற்கோள் காட்ட முடியாதே! உட்கார்ந்து மாற்றினோம்: நொய்யலின் குறுக்கே 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. வரிக்கு வரி செய்தித்தாள் சான்று. திட்டு ஒன்றுகூட இல்லை, ஆனாலும் சுடுகிறது.

பக்கத்தில் இருந்த பையனின் அப்பாவே பட்டறைக்காரர். வேலை இழந்தவர்களையும், பிறகு வந்த சுத்திகரிப்பு முறையையும் சேர்க்கணும் என்றான். நியாயம்தான். ஆனால் நேரடியாகத் திருத்தாதே, உறவைச் சொல்லி உரையாடல் பக்கத்தில் கேள் என்றேன். முகம் சுருங்கியது, கேட்டான், வேறொருவர் சேர்த்தார்.

பத்தி மூன்று வாரமாக நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை அணையைப் படமெடுக்கக் கிளம்புகிறோம்.